கார் கூரையில் கயாக்

கயாக் என்கிற துடுப்புப் படகை இரண்டு பேர் சேர்ந்தால் எளிதாகத் தூக்கிக் கார் கூரையில் வைத்துவிடலாம். கனமில்லையே என்று அசட்டையாகக் கட்டிவிடுகிறோம். ஆனால் வேகம் இரட்டித்தால் எதிர்க்காற்றின் விசை நான்கு மடங்காகும். 40 கிலோமீட்டர் வேகத்தில் சாதுவாகக் கிடந்த படகு, 80-ல் மூக்கைத் தூக்கப் பார்க்கும்.

அதனால் கேரியரின் இரண்டு குறுக்குக் கம்பிகளிலும் பட்டை போட்டால் மட்டும் போதாது. படகின் முன்முனையையும் பின்முனையையும் தனித்தனிக் கயிற்றால் காரின் இழுவைக் கொக்கிகளோடு கட்டுங்கள். கேரியரே கழன்றாலும் படகு சாலையில் பறக்காமல் பிடிப்பவை இந்தக் கயிறுகள்தான். பலர் விட்டுவிடுவதும் இவற்றைத்தான்.

இறுக்கத்துக்கும் அளவு உண்டு. லாரிச் சரக்கை இறுக்கும் பல்சக்கரப் பட்டை, பிளாஸ்டிக் படகை நசுக்கிவிடும். வெயிலில் பிளாஸ்டிக் இன்னும் இளகும். கையால் இழுத்து இறுக்கும் பட்டையே நல்லது. நைலான் நனைந்தால் நீளும், பாலியஸ்டர் வாங்குங்கள். பட்டை காற்றில் அதிர்ந்து இரைந்தால் ஒரு முறுக்கு விடுங்கள், அடங்கும்.

கிளம்பிய பத்து நிமிடத்தில் ஓரங்கட்டி எல்லா முடிச்சையும் அசைத்துப் பாருங்கள். பின்னால் பைக்கில் ஒரு குடும்பம் வரலாம். அவர்களுக்காகவாவது இறங்கிப் பாருங்கள்.