அரிசி அளவுச் சுரப்பியில் ஓர் அபூர்வப் புற்றுநோய்



தைராய்டு எல்லோருக்கும் தெரிந்த பெயர். அதன் பின்பக்கம் ஒட்டியபடி அரிசி அளவில் நான்கு சுரப்பிகள் இருப்பது பலருக்குத் தெரியாது. பாராதைராய்டு என்று பெயர். மனித உடலில் இவை இருப்பதையே 1880-ல்தான் ஸ்வீடனைச் சேர்ந்த இவார் சாண்ட்ஸ்ட்ரோம் விரிவாக எழுதினார். ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்டுவது இவற்றின் வேலை.

இந்தச் சுரப்பி அளவுக்கு மீறிச் சுரப்பதற்குப் பெரும்பாலும் சாதாரணக் கட்டிதான் காரணம். அப்படிப்பட்ட நூறு பேரில் ஒருவருக்குக்கூடப் புற்றுநோய் இருக்காது. ஆனால் வந்துவிட்டால், கால்சியம் எக்கச்சக்கமாக ஏறும். டெசிலிட்டருக்கு 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை இருக்கவேண்டியது பலருக்கு 14-ஐத் தாண்டிவிடும். பால் அதிகம் குடித்ததால் இப்படி ஏறுவதில்லை. எலும்பு கரைந்து ரத்தத்தில் சேர்கிறது.

இந்த நோய் உள்ளவர்கள் ஒவ்வொரு தொல்லைக்கும் தனித்தனியாக அலைவார்கள்: சிறுநீரகக் கல்லுக்கு ஒரு டாக்டர், எலும்பு வலிக்கு இன்னொருவர், மலச்சிக்கலுக்குக் கடையில் வாங்கிய மாத்திரை. தீராத தாகமும் சோர்வும் வயசுக் கோளாறு என்று ஒதுக்கப்படும். எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றே என்பது தெரியாமலே வருஷங்கள் ஓடிவிடும். எனக்கு மிகுந்த வருத்தம் தருவது இந்தத் தாமதம்தான். இந்த நோயில் பலரின் உயிரைப் பறிப்பது கட்டி பரவுவதைவிட, கட்டுக்கடங்காத கால்சியம் சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் செய்யும் கேடுதான்.

சிகிச்சை அறுவைதான். முதல் அறுவையே முழுமையாக அமையவேண்டும்: கட்டியை உடையாமல், அந்தப் பக்கத்துத் தைராய்டோடு சேர்த்து எடுப்பார்கள். புற்றுநோய் என்ற சந்தேகம் இருந்தால் ஊசி குத்திச் சோதிப்பதைத் தவிர்ப்பார்கள். குத்திய வழியில் புற்றுச் செல்கள் சிதறக்கூடும். அறுவை முடிந்ததும், இழந்த கால்சியத்தை எலும்புகள் அவசரமாக இழுத்துக்கொள்ளும். உதடும் விரல்நுனியும் மரத்துப்போகும், தசை இழுக்கும். அதனால் சில நாள் டிரிப்ஸிலும் பிறகு மாத்திரையாகவும் கால்சியம் கொடுப்பார்கள். கட்டி மீண்டும் தலைதூக்கினால் கால்சியத்தைக் கட்டுப்படுத்த சினகால்செட் என்ற மாத்திரை உண்டு. பல ஆண்டுகள் கழித்தும் திரும்பக்கூடிய நோய் என்பதால், ஆயுள் முழுக்க ரத்தப் பரிசோதனை தொடரவேண்டும்.

வீட்டில் யாருக்காவது சிறுநீரகக் கல் திரும்பத் திரும்ப வருகிறதா? காரணமின்றி எலும்பு முறிந்ததா? அடுத்தமுறை டாக்டரிடம் போகும்போது, "ரத்தத்தில் கால்சியம் பார்க்கலாமா?" என்று தயங்காமல் கேளுங்கள்.