‘மே’ என்னும் சிறு சொல்



ஆங்கில இலக்கணப் பாடத்தில் ‘கேன்’, ‘மே’, ‘மஸ்ட்’, ‘ஷல்’, ‘வில்’ என்னும் துணைவினைகள் வருகின்றன. மோடல் வினைகள் என்று இவற்றைச் சொல்வார்கள். தேர்வில் கோடிட்ட இடத்தை நிரப்பி ஒரு மதிப்பெண் பெற்றதோடு இவற்றை மறந்துவிடுவது நம் மாணவர்களின் வழக்கம். பல்லாண்டுகள் நானும் அவ்வாறே கற்பித்தவன். ஆகவே உங்களைக் குறை சொல்லும் உரிமை எனக்கு இல்லை. இவற்றுள் ‘மே’ என்னும் ஒன்றைப் பற்றி மட்டும் இன்று பேச விரும்புகிறேன்.

எங்கள் வெம்பாக்கம், ஆரணிப் பட்டு நெசவு நடக்கும் வட்டாரத்தைச் சேர்ந்தது. பல ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு நெசவாளரின் மகன் படித்தான். வெளியூர்க் கடையொன்றிலிருந்து அவன் தந்தைக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. ‘வீ மே டேக் டென் சாரீஸ்’ என்று அதில் ஒரு வரி. பையன் படித்துவிட்டு, “பத்துச் சேலை எடுத்துக்கொள்ளச் சம்மதம் என்று எழுதியிருக்கிறார்கள், அப்பா” என்றான். தந்தையார் கடன்பட்டுப் பட்டு நூலும் சரிகையும் வாங்கினார். பத்துச் சேலைகளும் தறியிலிருந்து இறங்கின. கடைக்காரர் நான்கை எடுத்துக்கொண்டு ஆறைத் திருப்பிவிட்டார். ‘எடுக்கக்கூடும்’ என்றுதானே அவர் எழுதியிருந்தார்?

பிழை பையனுடையதன்று, என்னுடையது. நாள்தோறும் வகுப்பு வாயிலில் நின்று ‘மே ஐ கம் இன், சார்?’ என்று கேட்கப் பழக்கியவன் நான். ‘மே’ என்றால் அனுமதி, சம்மதம் என்றே அவன் உள்ளத்தில் பதிந்துவிட்டது. ‘இட் மே ரெயின்’ என்னும்போது மழைக்கு அனுமதி கொடுப்பவர் யார் என்று ஒரு நாளாவது நான் கேட்டிருக்க வேண்டும்.

தமிழிலும் இந்த இரட்டைத் தன்மை உண்டு. ‘நீ போகலாம்’ என்பது அனுமதி. ‘மழை பெய்யலாம்’ என்பது ஊகம். தாய்மொழியாதலால் நாம் தடுமாறுவதில்லை. ‘வரக்கூடும்’ என்றால் வர வாய்ப்புண்டு. ‘வரக்கூடாது’ என்றாலோ தடை! இதை ஓர் ஆங்கிலேயருக்குக் கற்பித்துப் பாருங்கள். அவர் படும் பாடு தெரியும். போகிற போக்கில் ஒன்று: ‘நீ வர வேண்டியதில்லை’ என்பதற்கு ‘மஸ்ட் நாட்’ என்று எழுதாதீர்கள். அது ‘வரக்கூடாது’ என்றாகிவிடும். ‘நீட் நாட்’ என்பதே சரி.

ஒரு நெசவாளர் வீட்டில் இடறிய இச்சொல், பாராளுமன்றத்திலும் இடறியதுண்டு. 1950 ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம், மத்திய ஆட்சியில் ஆங்கிலம் 15 ஆண்டுகள் தொடர இடம் தந்தது. அதன்பின் என்ன செய்வது என்பதற்காக 1963-இல் ஆட்சிமொழிகள் சட்டம் கொண்டுவரப்பட்டது. ஹிந்தியோடு ஆங்கிலமும் தொடர்ந்து பயன்படுத்தப்படலாம் என்றது அது. அந்த ‘லாம்’தான் ‘மே’. பயன்படுத்தலாம் என்றால் பயன்படுத்தாமலும் விடலாம் அல்லவா என்று ஹிந்தி பேசாத மக்கள் அஞ்சினர். இங்கே ‘மே’ என்பதற்கு ‘ஷல்’ என்பதே பொருள் என்றார் பிரதமர் நேரு. அது ஆதாரமற்ற பேச்சன்று. சட்டங்களில் வரும் ‘மே’யைச் சந்தர்ப்பம் நோக்கி ‘ஷல்’ என்று நீதிமன்றங்கள் கொண்டதுண்டு. அவ்வாறாயின் ‘ஷல்’ என்றே எழுதிவிடுவதில் தடை என்ன என்று மாநிலங்களவையில் அறிஞர் அண்ணா முதலியோர் வாதாடினர். என் வாக்கும் அவர்கள் பக்கமே. விளக்கம், சொன்னவரோடு போய்விடும், எழுத்து நிற்கும். 1964 மே 27-இல் நேரு மறைந்தார். 1965 ஜனவரியில் தமிழக மாணவர்கள் தெருவில் இறங்கினர்; பல உயிர்கள் மாய்ந்தன. அக்கிளர்ச்சிக்கு இந்த ஒரு சொல்லே காரணம் என்று கூற மாட்டேன். ஆனால் மக்கள் கொண்ட ஐயத்தில் இதற்கும் பங்குண்டு.

1967-இல் பாராளுமன்றம் அச்சட்டத்தைத் திருத்தியது. ஹிந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலத்திற்கும் மத்திய அரசுக்கும் இடையேயான தொடர்பில் ஆங்கிலமே பயன்படுத்தப்பட வேண்டும் என்று ஒரு விதி சேர்ந்தது. அங்கே ‘ஷல்’ இருக்கிறது. அதற்கு மேலே, பழைய ‘மே’யும் தன் இடத்தை விடாமல் இருக்கிறது. அச்சட்டத்தின் 3-ஆம் பிரிவைத் தேடி இரண்டையும் ஒருங்கே படித்துப் பாருங்கள். இலக்கண நூல்களில் இத்தகைய உதாரணம் கிடைப்பது அரிது.

அந்த ஆறு சேலைகளை விற்க நெசவாளருக்கு ஏறக்குறைய ஓராண்டு ஆயிற்று. கட்டிய வட்டியைப் பற்றி அவர் என்னிடம் ஒரு சொல்லும் பேசவில்லை. அடுத்த கடிதம் வந்தபோது மகனை அழைத்துக்கொண்டு பள்ளிக்கே வந்துவிட்டார். “வாத்தியார் ஐயா, இதில் ‘லாம்’ இருக்கிறதா, பாருங்கள்” என்று நீட்டினார். ‘வீ ஷல் டேக் சிக்ஸ்’ என்றிருந்தது. நூல் வாங்கச் சொன்னேன்.