முகம் தெரியாத கைகளுக்கு



இன்று பட்டம் பெறும் உங்களில் பலர் இனி பெரிய அமைப்புகளுக்குள் வேலைக்குப் போகிறீர்கள். வங்கிச் செயலி, மெட்ரோ ரயில், மருத்துவமனை, அரசு இணையதளம் என்று ஆளுக்கொரு திசை. அங்கே நீங்கள் வரைவதை முடித்துவைப்பவர்கள் வேறு யாரோ. அப்படிப்பட்ட வேலையில் தலைமை என்பது எது என்று எனக்குப் புரியவைத்தவர் மார்கரெட் கால்வர்ட். பிரிட்டனின் சாலைப் பலகைகளை ஜாக் கின்னியருடன் சேர்ந்து வடிவமைத்தவர்.

1936இல் தென்னாப்பிரிக்காவில் பிறந்து, பதின்ம வயதில் இங்கிலாந்துக்கு வந்தார். லண்டன் செல்சி கலைப் பள்ளியில் அவருக்குப் பாடம் எடுத்தவர் கின்னியர். காட்விக் விமான நிலையப் பலகைகளுக்கு உதவியாளராக அவரைச் சேர்த்துக்கொண்டார். 1957இல் மோட்டார்வே எனப்படும் அதிவேகச் சாலைகளின் பலகைகளுக்காக ஆண்டர்சன் குழு அமைந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் பிரஸ்டன் புறவழிச்சாலை திறந்தபோது இவர்கள் வடிவமைத்த புதிய பலகைகள் அங்கே நின்றன. பிறகு வோர்பாய்ஸ் குழு மற்ற எல்லாச் சாலைகளையும் கையில் எடுத்தது. 1965 ஜனவரி 1 முதல் நாடு முழுக்க ஒரே முறை.

இந்தப் பலகைகளுக்காக அவர்கள் உருவாக்கிய எழுத்துருவின் பெயர் டிரான்ஸ்போர்ட். அதற்கு முன் பலகைகளில் ஊர்ப் பெயர்கள் முழுக்கக் கேபிடல் எழுத்தில் இருந்தன. எல்லா எழுத்தும் ஒரே உயரம் என்பதால் தூரத்திலிருந்து எல்லாப் பெயரும் ஒரே செவ்வகமாகத் தெரியும். இவர்கள் முதல் எழுத்தை மட்டும் கேபிடலாக்கி மற்றவற்றைச் சின்ன எழுத்தில் எழுதியதால், மேலே நீள்வதும் கீழே இறங்குவதுமாக ஒவ்வொரு ஊருக்கும் தனி உருவம் கிடைத்தது. வேகமாக வருகிறவர் எழுத்துக் கூட்டாமலேயே தன் ஊரைக் கண்டுகொள்ளலாம். அடர்நிறப் பின்னணியில் வெள்ளை எழுத்து விளக்கொளி பட்டால் பரவித் தடித்துத் தெரியும். அதனால் அங்கே சற்று மெலிந்த எழுத்து, வெள்ளைப் பின்னணியில் கறுப்பு என்றால் தடித்த எழுத்து.

ஆனால் நான் உங்களிடம் சொல்ல வந்தது இதற்கு அடுத்த கட்டம். எழுத்துரு தயார். பலகைகளைச் செய்யப்போகிறவர்கள் நாடெங்கும் பரந்துகிடந்த உள்ளாட்சிப் பொறியாளர்களும் பட்டறைத் தொழிலாளர்களும். எழுத்துக்கலையை அவர்கள் படித்ததில்லை. இரண்டு எழுத்துக்கு நடுவே எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதைக் கண்ணால் நிதானிக்கப் பல வருடப் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சியைக் கின்னியரும் கால்வர்ட்டும் எழுத்துக்குள்ளேயே வைத்துக் கொடுத்தார்கள். ஒவ்வொரு எழுத்தும் ஒரு ஓட்டில் உட்கார்ந்திருக்கும். இரு பக்கமும் விட வேண்டிய இடம் அந்த ஓட்டிலேயே அடங்கியிருக்கும். ஓடுகளை ஒட்டி ஒட்டி வைத்தால் போதும், இடைவெளி சரியாக அமைந்துவிடும். எழுத்தின் கோட்டுத் தடிமன்தான் அளவுகோல். விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி, வரிக்கு வரி எவ்வளவு என்பதெல்லாம் அதே அளவின் மடங்குகள். பலகையை முதலில் அறுத்துவிட்டு அதற்குள் பெயர்களைத் திணிக்கவும் இல்லை. பெயர்கள் எவ்வளவு இடம் கேட்கின்றனவோ, அதுவே பலகையின் அளவு.

நான் பல குழுக்களில் வேலை பார்த்திருக்கிறேன். தன் கை படாமல் எதுவும் வெளியே போகக் கூடாது என்று நினைக்கிற தலைவர்களைப் பார்த்திருக்கிறேன். திறமைசாலிகள்தான். அவர்கள் ஊருக்குப் போனால் வேலை நின்றுவிடும். கின்னியரோ கால்வர்ட்டோ எதிரே வந்து நின்றாலும் அந்தப் பட்டறைத் தொழிலாளருக்கு யாரென்று தெரியாது. இருந்தும் அவர் கையில் பலகை சரியாக வந்தது. இந்த இரண்டில் எதை நான் தலைமை என்று மதிக்கிறேன் என்பது உங்களுக்கே தெரியும்.

எதிர்ப்பும் இருந்தது. கல்லில் எழுத்து வெட்டுவதில் பெயர் பெற்ற டேவிட் கிண்டர்ஸ்லி, முழுக்கக் கேபிடலில் ஒரு மாற்று எழுத்தை முன்வைத்தார். பென்சன் விமானத் தளத்தில் தன்னார்வலர்களை உட்காரவைத்து, காரின் மேல் பலகைகளைக் கட்டி அவர்களை நோக்கி ஓட்டிச் சோதித்தார்கள். படிக்க முடிந்த தூரத்தில் கிண்டர்ஸ்லியின் எழுத்து மயிரிழை முந்தியது. ஆனால் வித்தியாசம் மிகச் சிறியது; தோற்றத்தையும் பார்த்துக் கின்னியரின் எழுத்தைத் தேர்ந்தார்கள். சோதனை முடிவைக் காட்டினாலே விவாதம் முடிந்துவிடும் என்று நம்பி வேலைக்குப் போகாதீர்கள். அளந்த பிறகும் முடிவெடுக்க ஒரு ஆள் வேண்டும். அந்த முடிவுக்குப் பொறுப்பேற்கவும் வேண்டும்.

பள்ளிக் குழந்தைகள் கடக்கும் இடத்துக்கான படத்தையும் கால்வர்ட்தான் மாற்றி வரைந்தார். பழைய படத்தில் தொப்பி போட்ட பையன் சிறுமியை அழைத்துப் போவான். வசதியான பள்ளியின் சாயல் அதில் இருப்பதாக அவருக்குப் பட்டது. தன் சிறுவயதுப் புகைப்படம் ஒன்றை வைத்துக்கொண்டு, ஒரு சிறுமி தன்னைவிடச் சின்னப் பையனின் கையைப் பிடித்து நடத்திப் போவதாக வரைந்தார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. கின்னியரும் அவரை உதவியாளராகவே வைத்திருக்கவில்லை; 1964இல் நிறுவனத்தின் பெயரே கின்னியர் கால்வர்ட் ஆனது. பெண்களுக்கு அந்த இடம் எளிதில் கிடைக்காத காலம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இவர்கள் எழுதிவைத்ததைப் போல, நீங்கள் சேரும் இடத்திலும் யாரோ ஏற்கெனவே எழுதிவைத்த விதிகள் இருக்கும். அவற்றைத் திருத்த ஆசைப்படும் முன், அந்த விதிகளைக் கையில் வைத்து அன்றாடம் வேலை செய்கிறவரைத் தேடிப் போங்கள். ஒரு நாள் பக்கத்தில் உட்காருங்கள். எங்கே அவர் தயங்குகிறார், எங்கே விதியை மீறித்தான் வேலையை முடிக்க முடிகிறது என்று பாருங்கள்.

கால்வர்ட்டும் தன் பழைய எழுத்துக்கே திரும்பி வந்தார். 2012இல் பிரிட்டன் அரசு தன் சேவைகளை ‘கவ் டாட் யூகே’ என்ற ஒரே தளத்தில் திரட்டியபோது, அதற்கு எடுத்துக்கொண்ட எழுத்து நியூ டிரான்ஸ்போர்ட். எழுபது வயதைத் தாண்டியிருந்த கால்வர்ட், ஹென்ரிக் கூபல் என்ற இளைய எழுத்துரு வடிவமைப்பாளருடன் உட்கார்ந்து திரைக்கேற்ப மறுபடி வரைந்தது அது. பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிப்பவரும் வண்டிக்கு வரி கட்டுபவரும் இன்று கைபேசியில் படிப்பது அந்தச் சாலை எழுத்தின் வாரிசைத்தான். கின்னியர் அதைப் பார்க்க இல்லை, 1994இல் காலமாகிவிட்டார்.