கண்ணகி சொன்ன மறுமொழி

(சபரகமுவத் தோட்டப்பகுதி வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



குடும்பக் கதைகளில் காதலும் நம்பிக்கையும் மன்னிப்பும் எவ்வாறு பேசப்படுகின்றன என்பது குறித்து நாம் சில சொற்கள் கூறவேண்டுமெனப் பணித்திருக்கிறீர்கள். விடியலில் பிரட்டுக்கு நின்று, பால் வெட்டி, வாளி சுமந்து, மாலையில் கதை கேட்க வந்திருக்கும் உங்களிடம், கதை வெறும் பொழுதுபோக்கு என்று சொல்லி நழுவ நமக்கு மனம் வரவில்லை.

இந்தச் சபரகமுவ மண்ணில் கணவன் மனைவி கதைகள் இரண்டு நெடுங்காலமாக வாழ்கின்றன. ஒன்று நம் மக்கள் மாசி மாதத்தில் கம்பம் நட்டு ஆடும் காமன் கூத்து. சிவனின் நெற்றிக்கண்ணால் எரிந்த மன்மதனை மீட்டுத் தருமாறு இரதி அழுது மன்றாடுகிறாள்; அவன் அவள் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி உயிர் பெறுகிறான். மற்றொன்று, தோட்டத்து எல்லைக்கு அப்பால் சிங்களக் கிராமங்களில் கம்மடுவச் சடங்கில் பாடி ஆடப்படுவது. அங்கே நம் கண்ணகி பத்தினித் தெய்வம், கோவலன் பாலங்க. இரத்தினபுரி மகா சமன் தேவாலயத்திலேயே பத்தினிக்கும் சன்னதி உண்டு. இளங்கோவின் காப்பியத்தில் வெட்டுண்ட கோவலன் ஒரு கணம் எழுந்து, மனைவியின் கண்ணீர் துடைத்து, வானுலகு போய்விடுகிறான். கம்மடுவிலோ பத்தினி அவனை உயிர்ப்பித்தே விடுகிறாள். மாண்ட கணவன் மீளவேண்டும் என்று லயத்து மக்களும் ஆசைப்பட்டார்கள், கிராமத்து மக்களும் ஆசைப்பட்டார்கள். மொழி வேறு, ஆசை ஒன்றே.

ஆனால், மீண்டு வருபவன் என்ன சொல்லிக்கொண்டு வருகிறான்? நம் குடும்பக் கதைகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் ஏமாற்றுகின்றன. கணவன் தவறுவான், மனைவி அழுவாள், இறுதிக் காட்சியில் அவன் வாசலில் நிற்பான், அவள் காலில் விழுவாள், திரை விழும். தவறியவன் யார், விழுந்தவள் யார் என்று கேட்பாரில்லை. இதற்குப் பெயர் மன்னிப்பாம்! கேட்டால், கண்ணகி பிறந்த மரபு என்பார்கள்.

கண்ணகி அப்படியா செய்தாள்? கொலைக்களக் காதையைப் படித்துப் பாருங்கள். மதுரையில், மாதரி தந்த குடிலில், கண்ணகி தன் கையால் சமைத்துக் கோவலனுக்குப் படைக்கிறாள். உண்டு முடித்ததும் அவன் வாய் திறக்கிறான். பயனற்றோர் கூட்டத்தில் திரிந்ததையும், முதிய பெற்றோரை வருத்தியதையும், மெல்லடியாளைக் கொடுவழியில் நடக்க வைத்ததையும் தானே எடுத்துரைக்கிறான். அப்போது அவள் ‘போகட்டும்’ என்று சொல்லிவிடவில்லை. அவனில்லாத வீட்டில் விருந்தோம்பும் பேற்றினைத் தான் இழந்ததையும், மாமனும் மாமியும் வந்தபோது துயரை மறைக்கப் பொய்யாகச் சிரித்ததையும், அச்சிரிப்பைக் கண்டு அவர்கள் வருந்தியதையும் சொல்கிறாள். சான்றோர் விரும்பாத ஒழுக்கத்தை நீர் மேற்கொண்டீர் என்று நேருக்கு நேராகவே கூறுகிறாள். ஆயினும், மாறாத உள்ளம் உடையவளாதலால் எழுந்து உடன் வந்தேன் என்கிறாள். அதன் பிறகுதான் அவன் சிலம்போடு புறப்படுகிறான்.

குற்றத்தை ஒப்பியவன் ஒருவன். காயத்தைப் பெயர்சொல்லிக் காட்டியவள் ஒருத்தி. இரண்டும் நடந்தபின் வந்த மன்னிப்பு அது. நம் கதாசிரியர்கள் சிலம்பை எடுத்துக்கொண்டார்கள், கண்ணீரை எடுத்துக்கொண்டார்கள். அந்த உரையாடலை மட்டும் விட்டுவிட்டார்கள். (ஒரே காம்பறாவில் வாழும் நம்மவர்க்கு இது எளிதில் விளங்கும். இங்கே புருசன் பெண்சாதி பேச்சு அடுத்த காம்பறாவுக்குக் கேட்காமல் இருப்பதில்லை!)

நம்பிக்கைக்கு வருவோம். மலையகத்தில் மனைவியின் நம்பிக்கையைக் கணவன் மட்டுமா சோதித்தான்? அரசும் சோதித்தது. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம் மணமானவனுக்கு 7 ஆண்டு வதிவும், மணமாகாதவனுக்கு 10 ஆண்டு வதிவும் கேட்டது. மனைவி எங்கே இருந்தாள், எத்தனை நாள் இருந்தாள் என்பதும் விசாரணைக்குரியதாயிற்று. கூடி வாழ்ந்ததற்குக் காகிதத்தில் சாட்சி! பிறகு 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேருக்குப் பின்னர் பார்ப்போம் என்று ஆட்களை எண்ணினார்கள், குடும்பங்களை எண்ணவில்லை. தாய் அக்கரை, மகன் இக்கரை என்று எத்தனை வீடுகள் பிரிந்தன! கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ நாவல் வெளிவந்ததும் அதே 1964இல்தான். அதன்பின் மலையக எழுத்து வெகுதூரம் வந்திருக்கிறது. எனினும் இந்தப் பிரிவு ஒரு கணவன் மனைவிக்கு இடையில் என்ன செய்தது என்பது இன்னும் போதிய அளவு எழுதப்படவில்லை என்றே நாம் கருதுகிறோம்.

இன்னொன்றும் உண்டு, சொல்லாமல் விட முடியாது. கிராமமும் லயமும் மீண்டுவரும் கணவனின் கதையை ஆடிய இதே மாவட்டத்தில், 1981 ஆகஸ்டில் காவத்தைப் பக்கத்து லயங்கள் தாக்கப்பட்டன. ‘மறந்துவிடுங்கள், மன்னித்துவிடுங்கள்’ என்று நமக்குப் புத்தி சொல்வோர் உண்டு. கோவலன் பேசிய பேச்சை முதலில் யாராவது பேசட்டும்!

கதை எழுத விரும்பும் இளைஞர்களே! தலைமன்னார் – இராமேசுவரம் கப்பல் 1984இல் நின்றுபோயிற்று. இந்தியாவுக்குப் போன ஒருவன், அங்கே வேறொரு வாழ்வு அமைத்துக்கொண்டு, பல ஆண்டுகள் கழித்து இங்குள்ள மனைவிக்குக் கடிதம் எழுதுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் எழுதிய கடிதம் நமக்கு வேண்டாம். இறப்பர் மலையில் மழை பிடித்து, வெட்டு இல்லாத நாளில், விளக்கடியில் அமர்ந்து அவள் எழுதிய மறுமொழியை எழுதுங்கள். அதைக் கேட்பதற்கு நாம் மீண்டும் வருவோம்.