பேரியின் சிவப்பு: நிறம் ஒன்று, வழிகள் பல



பழத்தின் தோல் நிறத்துக்கென்று தனியாக ஒரு கருத்தரங்கு தேவையா என்று கேட்போர் உண்டு. பேரி பயிரிடுவோர் அப்படிக் கேட்க மாட்டார்கள். தென்னாப்பிரிக்காவின் ‘ரோஸ்மேரி’ ரகத்தைப் பாருங்கள். அறுவடைக்கு முன் சிவப்பு வெளுத்துவிட்டால், சுவையில் குறையே இல்லாத பழமும் தரம் இறங்கிவிடுகிறது. பேரி விதைக்கன்று காய்ப்பதற்குப் பல ஆண்டுகள் ஆகும். அது சிவப்பாகக் காய்க்குமா, பச்சையாகக் காய்க்குமா என்று கன்றுப் பருவத்திலேயே சொல்ல முடிந்தால், உழவருக்கும் ஆய்வாளருக்கும் எத்தனையோ ஆண்டு உழைப்பும் நிலமும் மிச்சமாகும். இந்த நிறத்தின் மரபியலை நாம் கூடிப் பேச அதுவே போதுமான காரணம்.

தோலில் தெரியும் சிவப்பு, ஆந்தோசயனின் என்னும் நிறமியால் வருவது. பேரியில் அதன் முதன்மை வடிவம் சயனிடின்-3-கேலக்டோசைடு. ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தில் தொடங்கி, ஒவ்வொரு நொதியாகக் கைமாறி, கடைசியில் ஒரு சர்க்கரை மூலக்கூறு இணைக்கப்பட்டு, நிறமி செல்லின் வாக்குவோலுக்குள் சேர்கிறது. இந்த நொதிகளுக்கான மரபணுக்கள் பச்சைப் பேரியிலும் உண்டு. அவற்றை முடுக்குவது எது, எப்போது முடுக்குகிறது, எது தடுக்கிறது என்பவைதான் நம் கேள்விகள்.

முடுக்கும் புரதங்களில் முதன்மையானது எம்ஒய்பி10. அது தனித்து இயங்குவதில்லை. பிஹெச்எல்ஹெச்3, டபிள்யூடி40 ஆகிய துணைப் புரதங்களோடு கூடித்தான் நிறமி மரபணுக்களை இயக்குகிறது. ஆப்பிளின் சிவப்புக்கும் இதே குடும்பத்தைச் சேர்ந்த மரபணுதான் காரணம் என்று 2006, 2007ஆம் ஆண்டுகளில் தெளிவானது. பேரியிலும் விடை இதோடு முடிந்துவிடும் என்ற எதிர்பார்ப்பு அப்போது இயல்பாகவே எழுந்தது. ஆனால் பேரி அவ்வளவு எளிதாக விடை தரவில்லை.

1938இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பச்சையாகக் காய்க்கும் பார்ட்லெட் மரத்தின் மொட்டு மாற்றமாகக் கிடைத்தது ‘மேக்ஸ் ரெட் பார்ட்லெட்’. அதைப் பிற ரகங்களோடு கலந்து சந்ததிகளை ஆராய்ந்தபோது, அதன் சிவப்பு ஒரே ஓங்கு மரபணுவைப் போல வழிவழி இறங்கியது. அந்த இடத்தைத் தேடிப் போனால் அது 4ஆம் குரோமோசோமில் இருந்தது. எம்ஒய்பி10 இருப்பதோ 9ஆம் குரோமோசோமில். அதாவது, சிவப்பைத் தீர்மானிக்கும் மாற்றம் ஓரிடத்தில். நிறமியை நேரடியாக முடுக்கும் மரபணு வேறோரிடத்தில்.

அதே ரகம் இன்னொரு பாடமும் தந்தது. சிவப்பு மரத்தில் சில கிளைகள் மீண்டும் பச்சைக்குத் திரும்பிப் பச்சைக் காய்களைத் தருவதுண்டு. அப்படித் திரும்பிய பழங்களின் எம்ஒய்பி10 மரபணுவின் டிஎன்ஏ வரிசையில் மாற்றம் எதுவும் காணப்படவில்லை. அந்த மரபணுவுக்கு முன்னால் உள்ள புரமோட்டர் பகுதியில் மெத்தில் தொகுதிகள் கூடுதலாக ஒட்டியிருந்தன. இதைக் கண்டறிந்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. டிஎன்ஏ வரிசையை மட்டும் படித்து நிறத்தைச் சொல்லிவிடலாம் என்று நம்புவோருக்கு இது நேரடியான எச்சரிக்கை.

சீனாவின் ‘ஸாவோசு ரெட்’ பேரியும் மொட்டு மாற்றத்தால் வந்ததுதான். அதன் சிவப்போடு தொடர்புடையதாகக் காணப்பட்டது பிபிஎக்ஸ்24 மரபணுவில் 14 நியூக்ளியோடைடுகள் விடுபட்டுப்போனது. அந்தச் சிறிய விடுபாட்டால் புரதம் நடுவழியில் முறிந்து, குறைபட்ட வடிவில் உருவாகிறது. இன்னொரு பக்கம், 5ஆம் குரோமோசோமில் உள்ள எம்ஒய்பி114 என்ற மரபணு, இஆர்எஃப்3, பிஹெச்எல்ஹெச்3 ஆகியவற்றோடு சேர்ந்து தோலைச் சிவக்கச் செய்வதை 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. சிவப்புக்குக் காரணமான இடம் எல்லாப் பேரியிலும் ஒன்றல்ல, கண்ணுக்குத் தெரியும் நிறம் மட்டும் ஒன்று.

நிறம் வரும் காலமும் ரகத்துக்கு ரகம் மாறுகிறது. ஐரோப்பியச் சிவப்புப் பேரிகள் பலவற்றில் பிஞ்சுப் பருவத்திலேயே சிவப்பு கூடி, முதிர முதிரக் குறைகிறது. சீனத்துச் சிவப்பு மணல்பேரிகளில் காய் முதிரும் தறுவாயில்தான் நிறம் ஏறும். இளங்காய்க்கு இரட்டைத்தாள் பை கட்டி, அறுவடைக்குச் சற்று முன் அவிழ்த்துவிட்டால், வெளிறிக் கிடந்த தோல் சில நாட்களிலேயே சிவந்துவிடும். இலையின் நிழலோ கிளையின் நிழலோ விழுந்த இடம் மட்டும் வெளிறியே நிற்கும். இருட்டில் சிஓபி1 என்ற புரதம் ஹெச்ஒய்5ஐ அழித்துக்கொண்டே இருக்கிறது. ஒளி பட்டதும் அந்த அழிப்பு நிற்க, ஹெச்ஒய்5 பெருகி, பிபிஎக்ஸ் குடும்பப் புரதங்களின் துணையோடு எம்ஒய்பி10ஐ எழுப்புகிறது. அந்தக் குடும்பத்திலேயே துணை நிற்பவையும் உண்டு, தடுப்பவையும் உண்டு. வெப்பநிலைக்கும் இதில் பங்குண்டு: குளிர் வந்தால் ‘ரோஸ்மேரி’ சிவக்கிறது, வெயில் ஏறினால் வெளுக்கிறது.

ஆப்பிளுக்குப் பொருந்துவது பேரிக்குப் பொருந்தும் என்று எடுத்துக்கொள்வதும் ஆபத்து. எத்திலீன் ஆப்பிளின் சிவப்பைக் கூட்டுகிறது. சீனத்துச் சிவப்புப் பேரியிலோ அதைத் தடுக்கிறது. நிறம் கூட்ட வேண்டி ஆப்பிள் தோட்டத்து மருந்தைப் பேரிக்குத் தெளிப்பவருக்கு எதிர்ப்பலனே கிடைக்கக்கூடும்.

2013இல் சீனப் பேரி ‘டாங்ஷான்சுலி’யின் மரபணுத்தொகுதி வெளியானது, அடுத்த ஆண்டே ஐரோப்பியப் பார்ட்லெட்டின் தொகுதியும் வந்தது. 17 இணைக் குரோமோசோம்களையும் வரிசையாகப் படிக்கும் வசதி இன்று நம் கையில் இருக்கிறது. வசதி பெருகப் பெருகப் பொறுப்பும் பெருகுகிறது. ஒரு கலப்புக் குடும்பத்தில் கண்டுபிடித்த மரபணுக் குறிப்பான் அடுத்த குடும்பத்திலும் செல்லும் என்று சோதிக்காமல் அறிவிப்பது, அதை நம்பிக் கன்று நடுபவருக்கு நாம் இழைக்கும் தீங்கு.

ஆகவே, இங்கே கட்டுரை படிக்கவிருக்கும் அன்பர்களிடம் மூன்று வேண்டுகோள்கள். உங்கள் முடிவு எந்த ரகத்தில், எந்தக் கலப்பில் கிடைத்தது என்பதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். தோல் மாதிரியை எடுத்தது பூ உதிர்ந்து எத்தனையாவது நாளில் என்பதை மறவாமல் குறியுங்கள். பிஞ்சின் சிவப்பும் பழத்தின் சிவப்பும் ஒரே கதையைச் சொல்வதில்லை. மரபணு வரிசையோடு நின்றுவிடாமல் மெத்திலேற்றத்தையும் அளந்து பாருங்கள்.

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பேரி வளர்க்கும் நமக்கு இதில் நேரடி அக்கறை உண்டு. ஒரு சிவப்பு ரகத்தை மலைக்குக் கொண்டுவரும் முன், அது வெயிலில் வெளுக்கும் வகையா, கடைசி நாட்களின் ஒளியால் சிவக்கும் வகையா என்பதை உழவருக்குச் சொல்ல வேண்டியது நம் கடமை. அந்தக் கடமையை மனத்தில் கொண்டு அமர்வுகளைத் தொடங்குங்கள். இளம் ஆய்வாளர்கள் தயங்காமல் கேள்வி கேட்க வேண்டும். மூத்தோர் பொறுமையோடு விடை சொல்ல வேண்டும். கருத்தரங்கு சிறக்க வாழ்த்தி அமைகிறேன்.