பதினான்கு இரவுகள்

இரண்டு வார காலத்தை ஆங்கிலத்தில் 'ஃபோர்ட்நைட்' என்பார்கள். நாட்களைக் குறிக்கும் சொல்லில் 'நைட்', அதாவது இரவு, எப்படி வந்தது?

பழைய ஆங்கிலத்தில் 'பதினான்கு இரவுகள்' என்று விரித்துச் சொல்லப்பட்ட தொடரே, பல தலைமுறை ஜனங்களின் நாவில் புழங்கி, ஆற்றுக் கூழாங்கல்லைப் போலத் தேய்ந்து உருண்டு, இந்த ஒரே சொல்லாக நிலைபெற்றது. பதினான்கு இரவுகள், அதுவே ஃபோர்ட்நைட்.

இச்சொல்லுக்கு ஒரு தங்கையும் உண்டு. 'ஏழு இரவுகள்' என்ற பொருளில், ஒரு வாரத்தைக் குறித்த 'சென்னைட்' அது. ஜேன் ஆஸ்டின் அம்மையாரின் நாவல்களில் நடமாடிய அச்சொல் இன்று வழக்கொழிந்துவிட்டது.

பகலை விட்டு இரவை ஏன் எண்ணினார்கள்? ஏறக்குறைய 1,900 ஆண்டுகளுக்கு முன்பு, ஜெர்மானிய ஜனங்களைப் பற்றி எழுதிய ரோமாபுரிச் சரித்திராசிரியர் டாசிட்டஸ், அவர்கள் அமாவாசையையோ பௌர்ணமியையோ பார்த்துச் சபை கூடுகிறார்கள் என்றும், பகல்களை எண்ணாமல் இரவுகளையே எண்ணுகிறார்கள் என்றும், இரவே பகலை அழைத்து வருவதாகக் கருதுகிறார்கள் என்றும் குறித்து வைத்தார். ஆங்கில மொழியைப் பிரிட்டனுக்குக் கொண்டுசென்றவர்கள் அந்த ஜெர்மானிய இனத்தின் கிளையினரே.

தாத்தா வீட்டுக்குப் புறப்படும் நாளை எதிர்பார்த்திருக்கும் குழந்தை, தாயின் மடியில் படுத்துக்கொண்டு, "இன்னும் எத்தனை ராத்திரி தூங்கணும் அம்மா?" என்று விரல் மடக்கிக் கேட்கிறதல்லவா? அந்தப் புராதன ஜனங்களும் அப்படித்தான் காலத்தை எண்ணினார்கள். அந்த எண்ணிக்கை ஒரு சிறு சொல்லில் இன்றும் ஜீவித்திருக்கிறது. பதினான்கு இரவுகள்; ஃபோர்ட்நைட்.