பி.எப். பணத்தில் வரிப் பிடித்தம்

நம்ம வீட்டுப் பெண்கள் பலபேர் நூற்பாலைக்குப் போறாங்க. அவங்களுக்காகத்தான் இந்த விஷயம்.

என் மகள் ஒரு ஆலையில் 3 வருஷம் வேலை பார்த்து, 2024-ல் நின்றாள். பி.எப். பணம் 60,000 ரூபாய். கைக்கு வந்தது 48,000. ஆலையில்தான் பிடிச்சிட்டாங்கன்னு சண்டைக்கே போயிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, அது வருமான வரி.

பி.எப். ஓய்வுக் காலத்துக்கென்று சேரும் பணம். தொடர்ந்து 5 வருஷம் வேலை பார்த்த பிறகு எடுத்தால் வரி கிடையாது. அதற்கு முன்னாலேயே எடுத்து, தொகையும் 50,000-க்குக் குறையாமல் இருந்தால் நூற்றுக்கு 10 ரூபாய் பிடிப்பாங்க. பான் எண் கொடுக்காவிட்டால் 20. எங்ககிட்ட பான் கார்டு இல்லை. உடம்பு முடியாமல் வேலையை விட்டாலோ, ஆலையையே மூடிவிட்டாலோ அந்த வரி கிடையாது.

ஆலை மாறினால் பணத்தை எடுக்காதீங்க. புது ஆலைக் கணக்குக்கு மாற்றச் சொல்லுங்க. பழைய வருஷமும் 5 வருஷக் கணக்கில் சேரும். எடுத்தே ஆகணும்னா, வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவங்க பான் எண்ணோடு உறுதிமொழிப் படிவமும் கொடுங்க, பிடிக்க மாட்டாங்க. பான் எண் கொடுத்தும் பிடித்துவிட்டால், வருமானக் கணக்கு தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். எங்க 12,000 அவள் பெயரில் ஏறவே இல்லை.

இப்போ அவள் வேறு ஆலையில் இருக்கிறாள். சேர்வதற்கு முன்னாலேயே பான் கார்டு எடுத்துக் கொடுத்தேன்.